ஓஇ மில்லில் பஞ்சுத் தூசி அளக்க பிஎம்2.5 சென்சார் போதுமா? ஆய்வுத் திட்டத்தில் எங்கே தப்பு?

நொய்யல்_ஆய்வு:

வணக்கமுங்க. பல்லடம், உடுமலை வட்டாரத்து ஓஇ (ஓப்பன் எண்ட், கழிவுப் பஞ்சையும் நூலாக்கும் நூற்பு) மில்களில் தொழிலாளர்கள் சுவாசிக்கும் தூசியையும் அவர்கள் நுரையீரல் நிலையையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுக்குத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நெறிமுறைக் குழுவுக்குப் போவதற்கு முன்னால் ஓட்டைகளைக் காட்டிக் கொடுங்க.

திட்டம் இதுதான். ஆறு மில், மொத்தம் 120 பேர். கையில் 5003 வகை லேசர் தூசி சென்சார் எட்டு இருக்கிறது. மில்லுக்கு ஒரு வாரம் தூண்களில் கட்டி வைத்து பிஎம்2.5, பிஎம்10 (2.5, 10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்கள்) எடுப்பது. 24 மணி சராசரி 60 மைக்ரோகிராமைத் தாண்டிய இடத்தை "அதிகத் தூசி" என்று வகைப்படுத்துவது. தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஒரு தடவை ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊத வைத்து நுரையீரல் திறன் அளப்பது), மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில். கேள்வித்தாளில் "திங்கட்கிழமை நெஞ்சு இறுக்கம் இருக்கிறதா" என்று பைசினோசிஸுக்கான (பஞ்சுத் தூசியால் வரும் மூச்சு நோய்) கேள்வி.

சட்டையில் மாட்டும் பர்சனல் பம்ப் மூன்று இரவல் கிடைக்கும். கல்லூரி ஆய்வகத்தில் ஐந்து தசம இலக்கத் தராசு உண்டு. சென்சாரே போதுமா, பம்பும் வேண்டுமா? வேண்டுமென்றால் எத்தனை மாதிரி?

எடைத்தட்டு:

முதலில் அந்த 60-ஐ எடுத்துருங்க. அது 2009-ல் அறிவித்த தேசியச் சுற்றுப்புறக் காற்றுத் தரத்தின் எண். ஊர்க் காற்றுக்கு, கைக்குழந்தை முதல் வயசாளி வரை எல்லோருக்கும் போட்டது. மில்லுக்குள் நிற்கும் ஆளுக்குப் பஞ்சுத் தூசிக்கென்றே தனி அளவுகோல்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் வேலைத்தலப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1978-ல் போட்ட விதியில் நூல் உற்பத்திக்கு ஒரு கனமீட்டருக்கு 200 மைக்ரோகிராம், மில்லின் கழிவுப் பஞ்சுப் பிரிவுக்கு 500, நெசவுக்கு 750, எல்லாம் எட்டு மணி சராசரி. கழிவுப் பஞ்சைப் பிரித்து, கலந்து, வில்லோ மெஷினில் அடித்துத் தூசி நீக்குகிற மறுசுழற்சி வேலைக்கு அதே ஓஷா 1,000 வரை விடுகிறது. ஓஇ மில்லில் நூல் உற்பத்தி, கழிவு மறுசுழற்சி இரண்டு வேலையும் ஒரே கூரைக்குக் கீழே நடக்கிறது. எந்த எண்ணை எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்து முடிவே புரண்டுவிடும். உடல்நல ஆய்வுக்கு ஏசிஜிஐஎச் என்ற அமெரிக்கத் தொழில்நல நிபுணர் அமைப்பின், ஒரு கனமீட்டருக்கு 0.1 மில்லிகிராமை வைத்துக்கொள்ளுங்க. மூச்சுக்குழாய் வரை இறங்கும் தொராசிக் பகுதிக்கான எல்லை அது, கழுவாத கச்சாப் பஞ்சுக்கானது.

இதில் மறைந்திருக்கும் இன்னொரு விஷயம்: பல மில்லில் ஷிப்ட் 12 மணி. அப்படியானால் எல்லையை அப்படியே எடுக்கக் கூடாது. பிரீஃப்–ஸ்கேலா முறையில் 8-ஐ 12-ஆல் வகுத்து, மிச்ச ஓய்வு நேரமான 12-ஐ 16-ஆல் வகுத்து, இரண்டையும் பெருக்கினால் சரியாக 0.5. அதாவது எல்லை பாதியாகிறது, 0.1 என்பது 0.05.

இப்போது சென்சார். இந்த வகை, துகள்மேல் லேசர் பட்டுச் சிதறும் ஒளியை எண்ணுகிறது, எடையைப் பார்ப்பதில்லை. 2 மைக்ரானுக்கு மேலே போகப் போக அதன் கண்ணுக்குத் துகள் தட்டுப்படுவதே குறைவு. திரையில் வரும் பிஎம்10 எண் பெரும்பாலும் சின்னத் துகளை வைத்து உள்ளே போட்ட ஊகக் கணக்கு. புகைக்கு அது ஓரளவு ஒத்துவரும். பஞ்சுத் தூசியில் எடை இருப்பது பெரிய துகள்களில், பைசினோசிஸ் சேதம் நடப்பது மூச்சுக்குழாயில். நீங்கள் தேடும் பொருளைத்தான் அந்தச் சென்சார் பார்க்காமல் விடுகிறது. இன்னும் ஒன்று, அதன் சின்ன விசிறி வாயில் பஞ்சு படிந்து அடைத்துக்கொள்ளும். அடைக்க அடைக்க உள்ளே போகும் காற்று குறையும், எண் இறங்கும். ஷெட்டில் தூசி ஏறும்போது வரைபடம் இறங்குவதைப் பார்த்து "காற்று சுத்தமாகிறது" என்று எழுதிவிடுவீர்கள். ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டின் காற்று வாய்க்குக் கீழே கட்டினால் நேர்மாறு: தெளிக்கும் நீர்த்திவலையையும் தூசியாக எண்ணிவிடும்.

ஆகவே பம்பும் வடிகட்டியும் கட்டாயம் வேண்டும். தொராசிக் பகுதிக்கு ஜிகே2.69 சைக்ளோன் (காற்றைச் சுழற்றிப் பெரிய துகளைப் பிரிக்கும் தலை), நிமிடத்துக்கு 1.6 லிட்டர் ஓட்டம், 37 மில்லிமீட்டர் பிவிசி வடிகட்டி, துளை 5 மைக்ரான். (அதே சைக்ளோனை 4.2 லிட்டரில் ஓட்டினால் இன்னும் நுண்ணிய ரெஸ்பிரபிள் பகுதிக்கு மாறிவிடும். ஓட்டத்தை யாராவது மாற்றி வைத்தால் நாள் முழுக்க எடுத்தது வீண்.) பழைய ஆய்வுகள் எல்லாம் வெர்ட்டிகல் எலுட்ரியேட்டரில் எடுத்தவை. 7.4 லிட்டர் ஓட்டம், 15 மைக்ரானுக்குப் பெரியதைக் கீழே விட்டுவிடும் நெட்டைக் குழாய், ஒரே இடத்தில் நிற்கும். தொராசிக் எண்ணையும் எலுட்ரியேட்டர் எண்ணையும் நேரடியாக ஒப்பிட்டு எழுதாதீங்க, இரண்டும் பிரித்தெடுக்கும் துகள் அளவு வேறு.

தராசுக் கணக்கைப் போட்டுப் பாருங்க. 1.6 லிட்டர், 480 நிமிடம், 768 லிட்டர், அதாவது 0.768 கனமீட்டர். காற்றில் எல்லை அளவுக்குச் சரியாக 0.1 மில்லிகிராம் தூசி இருந்தால் வடிகட்டியில் சேர்வது 77 மைக்ரோகிராம்தான். உங்கள் ஐந்து இலக்கத் தராசின் ஒரு படியே 10 மைக்ரோகிராம். முன்னால் ஒரு எடை, பின்னால் ஒரு எடை, இரண்டின் பிழையும் சேரும். தூசி அதிகமான இடத்தில் சமாளிக்கலாம், எல்லைக்குப் பக்கத்தில் எதையும் சொல்ல முடியாது. ஆறு இலக்க மைக்ரோ தராசு இருக்கும் ஆய்வகத்தைப் பிடிங்க. கோவையில் 1956 முதல் இருக்கும் ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ராவில் முதலில் கேட்டுப் பாருங்க.

நிறுக்கும் முன் வடிகட்டிகளை ஒரே வெப்பம், ஒரே ஈரப்பதத்தில் 24 மணி நேரம் வைக்கணும், பின்னாலும் அப்படியே. பிவிசி வடிகட்டி நிலைமின்சாரத்தில் தராசுத் தட்டில் ஒட்டி எண்ணை ஆட்டும். நிலைமின் நீக்கி இல்லாமல் நிறுக்காதீங்க. பத்து வடிகட்டிக்கு ஒன்று, தொகுதிக்குக் குறைந்தது இரண்டு வெற்று வடிகட்டி. அதுவும் மில்லுக்குப் போகணும், மூடியைத் திறந்து மூடணும், பம்ப் மட்டும் ஓட்டக் கூடாது. பம்பை சைக்ளோனும் வடிகட்டியும் மாட்டிய நிலையிலேயே காலையில் ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை ஓட்டம் பார்க்கணும். இரண்டுக்கும் 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த மாதிரியைத் தூக்கிப் போடுங்க.

ஓஇ_மெயின்டனன்ஸ்:

மேலே சொன்னது எல்லாம் சரிங்க. தூசி எப்போது, எங்கே வரும் என்று தெரியாமல் பம்ப் மாட்டினால் நல்ல தராசும் உதவாது.

ஓஇ மில்லில் தூசியின் ஊற்றுக்கண் மூன்று. ஒன்று மிக்ஸிங். பேலை அவிழ்த்து, கையால் பிய்த்து, அடுக்கடுக்காகப் பரப்பும் இடம். இரண்டு, பஞ்சைத் தட்டிப் பிரிக்கும் புளோரூமும், அதைச் சீவி இழையாக்கும் கார்டிங்கும். மூன்று, உறிஞ்சிய பஞ்சு சேரும் ஓஇ மெஷினின் ஃபில்டர் பாக்ஸ். இழைக் கயிற்றை இழுத்துச் சீராக்கும் டிராஃப்ரேமில் ஒப்பிட்டால் குறைவு. இந்த மூன்றையும்விட மோசமான தருணங்கள் வேறு இருக்கின்றன, அவை தூணில் கட்டிய எந்தக் கருவியிலும் சரியாக விழாது. ஃபில்டர் பாக்ஸைத் திறந்து பஞ்சை வழித்தெடுக்கும் இரண்டு நிமிடம், ஷிப்ட் முடிவில் ஏர் ஹோஸால் மெஷினை ஊதும் கால் மணி நேரம், வேஸ்ட் ரூமில் சாக்கு மூட்டையை மிதித்துக் கட்டுவது, பேலிங் பிரஸ். அந்த வேலைகளுக்கு என்றே ஆள் உண்டு. பெருக்குகிறவர், வேஸ்ட் அள்ளுகிறவர், கிளீனிங் கேங். உங்கள் 120 பேர் பட்டியலில் அவர்கள் இருக்கிறார்களா? பெரும்பாலும் கான்ட்ராக்ட் ஆட்கள், மில்லின் வருகைப் பதிவேட்டில் பெயரே வராது. அந்தப் பதிவேட்டிலிருந்து ஆளைத் தேர்ந்தெடுத்தால் அதிகத் தூசி குடிப்பவர்கள் ஆய்வுக்கு வெளியே நின்றுவிடுவார்கள்.

அடுத்தது கலவை. இது பல்லடத்துக்கே உரிய விஷயம், வெளியூர்க் கட்டுரையைப் பார்த்து எழுதினால் தவறிப்போகும். ஒரு மில்லில் கோம்பர் நாயில் (சீப்பு மெஷினில் கழிந்த குட்டை இழை), ஒரு மில்லில் கார்டில் கழியும் ஃபிளாட் ஸ்ட்ரிப், அதன் லிக்கர்-இன் உருளைக்குக் கீழே விழும் கசடு, இன்னொன்றில் திருப்பூர் பனியன் வெட்டுத்துணியைக் கிழித்தெடுத்த கலர் பஞ்சு, வேறொன்றில் பெட் பாட்டிலில் இருந்து வந்த பாலியெஸ்டர் கலப்பு. முதல் இரண்டும் கழுவாத பஞ்சு, செடியின் இலைத்துணுக்கும் பூவடிச் செதிலும் அப்படியே இருக்கும். கலர் வெட்டுத்துணி ஏற்கெனவே சாயப்பட்டறையில் வெந்து வந்தது. தராசில் ஒரே எடை காட்டினாலும் நெஞ்சுக்குள் இரண்டும் ஒன்று இல்லை. அன்றைக்கு ஓடும் மிக்ஸிங்கைச் சதவீதத்தோடு எழுதி வாங்குங்க. மிக்ஸிங் கலவை பெரும்பாலும் தினமும் மாறும்.

மாதிரி எடுக்கும் நாளில் மெஷின் பாதி நிற்கும், தரை கழுவிவிட்டது போல இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி எண்கள். எத்தனை கார்டு, எத்தனை ரோட்டர் ஓடியது, ஷிப்ட் உற்பத்தி எத்தனை கிலோ, நூல் நம்பர் என்ன. இதை முந்தைய வாரப் பதிவோடு ஒப்பிடுங்க. கரன்ட் போய் வந்த நேரத்தையும் குறிங்க, மெஷின் நின்று மறுபடி எடுக்கும்போது தூசி எழும்பும்.

காலம் முக்கியமுங்க. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பக்கம் ஷெட்டைத் துடைத்துவிடும், கதவு ஜன்னல் எல்லாம் திறந்திருக்கும். மார்கழியில் எல்லாம் மூடிக் கிடக்கும். ஆடியில் மட்டும் அளந்துவிட்டு வருடத்துக்கும் இதுதான் என்று எழுதினால் பாதிக் கதைதான். இரண்டு காலத்திலும் எடுங்க, முடியாவிட்டால் மூடிய காலத்தில் எடுங்க.

கடைசியாகப் பாதுகாப்பு. பம்பின் குழாய் தொங்கிக்கொண்டு கார்டு பக்கம் போகக் கூடாது. குழாயை முதுகுப் பக்கமாக மேல்கோட்டுக்குள்ளே விட்டு, டேப் ஒட்டி, தலையை மட்டும் காலர் பக்கம் மூக்கிலிருந்து ஓர் அடிக்குள் குத்துங்க. துப்பட்டாவில், சேலைத் தலைப்பில் குத்தாதீங்க. துணி ஆட ஆட அதில் இருக்கும் பஞ்சே உள்ளே விழும்.

நொய்யல்_ஆய்வு:

ரொம்ப நன்றிங்க. கான்ட்ராக்ட் ஆட்களும் மிக்ஸிங் பதிவும் என் திட்டத்தில் இல்லவே இல்லை. இரண்டு கேள்வி மிச்சம். பம்ப் மூன்றே இருக்கும்போது ஆறு மில் ஆகுமா? வாங்கிய எட்டுச் சென்சாரால் வேறு எதற்காவது பயன் உண்டா?

எடைத்தட்டு:

ஆகாதுங்க. கணக்கு இப்படி. ஒரே மாதிரி தூசியில் வேலை செய்பவர்களை ஒரு குழுவாகப் பிரிங்க: மிக்ஸிங், புளோரூம்–கார்டிங், டிராஃப்ரேம், ஓஇ சைடர் (ஓஇ மெஷினைப் பார்ப்பவர்), கிளீனிங்–வேஸ்ட். ஐந்து குழு. ஒரு குழுவுக்கு ஆறு மாதிரிக்குக் குறைந்தால் புள்ளியியல் பேச முடியாது, வேலைத்தலக் காற்று எண்கள் நாளுக்கு நாள் மடங்கு மடங்காக மாறும். ஒரு மில்லுக்கு 30, ஆறு மில்லுக்கு 180. ஒரு நாளைக்கு மூன்று என்றால் 60 நாள். இரண்டு மில் என்றால் 60 மாதிரி, 20 வேலை நாள். கச்சாக் கழிவு ஓட்டும் மில் ஒன்று, கலர் வெட்டுத்துணி ஓட்டும் மில் ஒன்று எடுங்க. ஆறு மில்லை மேலோட்டமாகத் தொடுவதைவிட இந்த இரண்டின் ஒப்பீடு மதிப்புள்ளது.

கிடைக்கும் எண்களைச் சாதாரணச் சராசரியாக மட்டும் தராதீங்க. லாக் எடுத்துப் பெருக்கல் சராசரி, பெருக்கல் திட்டவிலக்கம், 95-ஆம் விழுக்காட்டு மதிப்பு மூன்றையும் தாங்க. கிளீனிங் குழுவில் திட்டவிலக்கம் 3-க்கு மேல் வந்தால் அது ஒரு குழு இல்லை, இரண்டு வேலையைக் கலந்திருக்கிறீர்கள்.

சென்சாருக்கு நல்ல வேலை ஒன்று உண்டு: எத்தனை என்று கேட்காதீங்க, எப்போது என்று கேளுங்க. பம்ப் எட்டு மணிக்கு ஒரே எண் கொடுக்கும். ஏர் ஹோஸ் ஊதியபோது எவ்வளவு ஏறியது, இறங்க எத்தனை நிமிடம் ஆனது என்பது அதில் தெரியாது. அந்த வடிவத்தைச் சென்சார் காட்டும். முதலில் எட்டையும் ஒரே இடத்தில் அருகருகே இரண்டு நாள் ஓட்டி, தங்களுக்குள் ஒத்துப்போகிறதா பாருங்க. விலகி நிற்பதை ஒதுக்குங்க. பிறகு ஒவ்வொரு பிரிவிலும் நிலையான ஒரு பம்ப் மாதிரிக்குப் பக்கத்தில் வைத்து, எடைக்கும் சென்சார் சராசரிக்கும் உள்ள விகிதத்தைப் பிரிவு வாரியாக எடுங்க. கார்டிங்கில் கிடைத்த விகிதத்தை மிக்ஸிங்குக்குப் போடாதீங்க, துகள் அளவு வேறு. ஒரு நிமிட இடைவெளியில் பதிவு, கூடவே ஈரப்பதம். ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிய நிமிடங்களைத் தனியாகக் குறியுங்க. ஷிப்டுக்கு இரண்டு தடவை விசிறி வாயைப் பார்த்துப் பஞ்சை இடுக்கியால் எடுங்க. ஊதாதீங்க, உள்ளே போய்விடும். சைக்ளோன் வாயிலும் பஞ்சு மீசை போல வளரும், இரண்டு மணிக்கு ஒரு தடவை பார்க்கணும். அதை எடுத்த நேரத்தை எழுதுங்க.

கையில் காசு மிஞ்சினால் எண்டோடாக்சின். பஞ்சில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவின் உறைப்பொருள் அது, மூச்சுக்குழாய் இறுகுவதில் முக்கியமாகச் சந்தேகிக்கப்படுவது. எடைக்கு எடுத்த பிவிசி வடிகட்டியை இதற்கு நம்பாதீங்க. தனியாகக் கண்ணாடி இழை வடிகட்டி, எண்டோடாக்சின் நீக்கிய புட்டி, ஐஸ் பெட்டி, பிறகு மைனஸ் 20 டிகிரி. எண்டோடாக்சினை அளக்கும் எல்ஏஎல் சோதனையை மருந்து ஆலைகளுக்குச் செய்யும் ஆய்வகங்களே செய்யும். தூசிச் சாறு அவர்களுக்குப் பழக்கமில்லாதது, அதனால் சேர்த்த அளவு திரும்ப வருகிறதா என்ற ஸ்பைக் சோதனையைக் கட்டாயம் கேளுங்க, 50 முதல் 200 சதவீதத்துக்குள் வரணும். ஒப்பிட நெதர்லாந்தின் நிபுணர் குழு 2010-ல் பரிந்துரைத்த 90 அலகு இருக்கிறது, ஒரு கனமீட்டருக்கு, எட்டு மணி சராசரி. கச்சாக் கழிவு மில்லுக்கும் கலர் பஞ்சு மில்லுக்கும் வித்தியாசம் இங்கேதான் பளிச்சென்று தெரிய வாய்ப்பு.

மூச்சளவு:

தூசிப் பக்கம் திருந்திவிட்டது. ஸ்பைரோமெட்ரிப் பக்கம் இப்போதிருக்கும் திட்டப்படி போனால் பைசினோசிஸ் இருந்தாலும் கையில் சிக்காதுங்க.

அந்த நோயின் ஆரம்ப அடையாளமே, லீவு முடிந்து வந்த முதல் ஷிப்டில் மூச்சுக்குழாய் இறுகுவது. மதியம் ஒரு தடவை ஊதச் சொன்னால் அவருடைய முன்நிலை தெரியாது, இறக்கமும் தெரியாது. ஓஷா முறை இப்படி: குறைந்தது 35 மணி நேரம் தூசியில்லாமல் இருந்தபின், வேலைக்குள் நுழையும் முன் ஒரு தடவை, ஷிப்ட் தொடங்கி 4 மணிக்குக் குறையாமல் 10 மணிக்கு மிகாமல் ஒரு தடவை. எஃப்இவி1 (முதல் வினாடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு) இறக்கம் 5 சதவீதம் அல்லது 200 மில்லிலிட்டர் என்றால் கவனிக்க வேண்டிய ஆள்.

"திங்கட்கிழமை" என்ற சொல்லை எடுத்துருங்க. அது இங்கிலாந்தின் லங்காஷயர் மில்லுக்குப் பொருந்தும். இங்கே மில் ஏழு நாளும் ஓடுது, வார லீவு ஆளுக்கு ஆள் சுழலும். செவ்வாய் லீவு எடுப்பவருக்குப் புதன்தான் "திங்கள்". ஷிப்ட் மாறும் வாரத்தில் 35 மணி நிறைகிறதா என்றும் எண்ணணும். சனி மதியம் 2 மணிக்கு முடித்துத் திங்கள் காலை 6-க்கு வந்தால் 40 மணி, சரி. ஞாயிறு காலை 6-க்கு நைட் முடித்துத் திங்கள் காலை 6-க்கு வந்தால் 24 மணிதான், அன்று அளக்க வேண்டாம். லீவு நாளில் டபுள் பார்த்தாரா என்று கேளுங்க. ஹாஸ்டல் மில் காம்பவுண்டுக்குள் இருந்தால், ஜன்னலுக்குப் பக்கத்தில் எக்ஸாஸ்ட் வாய் இருக்கிறதா என்றும் பாருங்க. அப்படியிருந்தால் லீவும் முழு லீவு இல்லை.

எஃப்இவி1 விடிகாலையில் தாழ்ந்தும் நடுப்பகலில் உயர்ந்தும் தானாகவே மாறும். காலை 6-க்கும் மதியம் 1-க்கும் அளந்தால் இந்த இயற்கை ஏற்றம் தூசியின் இறக்கத்தை மூடிவிடும். நைட் ஷிப்டில் நேர்மாறு, தூசியே இல்லாதவருக்கும் விடிகாலையில் இறங்கும். ஆகவே எல்லோரையும் ஒரே ஷிப்டில் எடுங்க, அதே நேரத்தில் தூசிப்படாத ஒப்பீட்டுக் குழுவும் வேண்டும். மெஸ், ஆபீஸ், கேட் ஆட்கள் போதும். அதே கிராமம், அதே விறகடுப்பு, அதே பீடிப் பழக்கம் என்று கூடியவரை ஒத்திருக்கணும். வீட்டு அடுப்பு என்ன என்பது கேள்வித்தாளில் கட்டாயம் வரணும்.

செய்முறையில் தவறுகிற இடங்கள்: 3 லிட்டர் சிரிஞ்சில் தினமும் சரிபார்ப்பு, 2.91-க்கும் 3.09-க்கும் உள்ளே வரணும், பாக்டீரியா வடிகட்டி மாட்டிய நிலையிலேயே. சிரிஞ்சைக் காரில் வெயிலில் விட்டுவிட்டு ஏசி அறையில் வைத்த கருவியில் குத்தினால் தவறும். மூன்று நல்ல ஊதல், பெரிய இரண்டு எஃப்இவி1-க்கும் இடையே 150 மில்லிலிட்டருக்குள், எட்டு முயற்சிக்கு மேல் வேண்டாம். இருமல் விழுந்த முதல் வினாடியையும், தயங்கித் தொடங்கிய ஊதலையும் கருவி ஏற்றாலும் நீங்கள் ஏற்காதீங்க. காலையிலும் மாலையிலும் ஒரே ஆள், ஒரே கருவி. உயரத்தை அவர் சொல்வதைக் கேட்டு எழுதாமல் செருப்பைக் கழற்றி அளங்க, பெண்களுக்குக் கொண்டை அளவுகோலில் இடிக்காமல் பார்த்துக்குங்க. இந்த முறையில் ஒருவரை அவரோடு மட்டுமே ஒப்பிடுவதால், எந்த நாட்டு எதிர்பார்ப்புச் சமன்பாடு என்ற பிரச்சினை முக்கால்வாசி மறைந்துவிடும். சதவீதம் தரும்போது எந்தச் சமன்பாடு என்று எழுதி, மில்லிலிட்டரையும் சேர்த்துக் கொடுங்க.

கேள்வித்தாளின் தமிழ் பற்றித் தனியாகச் சொல்லணும். "நெஞ்சு இறுக்கம்" என்று கேட்டால் பலர் மாரடைப்பையோ வாயுவையோ நினைத்து "அதெல்லாம் இல்லீங்" என்பார்கள். "மூச்சிரைப்பு" என்றால் ஆஸ்துமாக்காரருக்கு என்று நினைப்பார்கள். இப்படிக் கேளுங்க: "லீவு முடிஞ்சு வேலைக்கு வந்த அன்னைக்கு, உள்ள போயி ரெண்டு மூணு மணி நேரத்துல, நெஞ்சுல பாரம் வெச்ச மாதிரி, மூச்ச முழுசா இழுக்க முடியாத மாதிரி இருக்குதுங்களா?" ஆமென்றால், ஒவ்வொரு தடவையுமா, எப்போதாவதா? அடுத்த நாளும் இருக்குமா? முதல் நாள் எப்போதாவது என்றால் ஷில்லிங் வகைப்பாட்டில் அரைத் தரம், ஒவ்வொரு முதல் நாளும் என்றால் ஒன்று, மற்ற நாளும் என்றால் இரண்டு, நிரந்தர மூச்சுக் குறைவோடு சேர்ந்தால் மூன்று. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் வாரத்தில் காய்ச்சல், இருமல் வந்து தானாக அடங்கியிருந்தால் அது மில் காய்ச்சல், தனிக் கட்டத்தில் எழுதுங்க. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் நிறைய இருக்கும் மில்லில் ஒடியா, இந்தியில் இதே கவனத்தோடு பெயர்க்கணும். சூப்பர்வைசரை மொழிபெயர்ப்பாளராக உட்காரவைக்காதீங்க, பதில் மாறிவிடும்.

இன்னொரு ஓட்டை, எல்லாவற்றையும்விடப் பெரியது. மில்லுக்குள் இன்றைக்கு நிற்பவர்கள், தாக்குப்பிடித்தவர்கள். மூச்சு முட்டியவர் ஏற்கெனவே நின்றுவிட்டுக் காட்டு வேலைக்கோ பனியன் கம்பெனிக்கோ போயிருப்பார். உள்ளே இருப்பவர்களை மட்டும் அளந்தால் "பத்து வருடம் வேலை பார்த்தவரின் நுரையீரல், இரண்டு வருடக்காரரைவிட நன்றாக இருக்கிறது" என்ற முடிவுகூட வரும். சுற்றுவட்டக் கிராமங்களில் கடந்த ஐந்து வருடத்தில் வேலையை விட்டவர்களைத் தேடி, ஏன் விட்டார்கள் என்று கேட்டு, ஊதவும் வையுங்க. முப்பது நாற்பது பேர் கிடைத்தாலும் ஆய்வின் எடை மாறிவிடும்.

ஒப்புதலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கையெழுத்து வாங்கும் இடத்தில் வார்டனோ மேஸ்திரியோ இருக்கக் கூடாது. ஒருவருடைய முடிவு அவர் கையில் மட்டும். நிர்வாகத்துக்குக் குழு எண்கள்தான், அதுவும் பத்துப் பேருக்குக் குறைந்த குழுவைத் தனியாகக் காட்டாமல். இறக்கம் தெரிந்தவரை எங்கே அனுப்புவீர்கள் என்பதை முன்னாலேயே எழுதுங்க: ஈஎஸ்ஐ அட்டை உள்ளவருக்கு ஈஎஸ்ஐ மருத்துவமனையின் நெஞ்சு நோய்ப் பிரிவு, அட்டை இல்லாத கான்ட்ராக்ட் ஆளுக்கு அரசு மருத்துவமனை. பஞ்சுத் தூசியால் வரும் பைசினோசிஸ், இழப்பீடு கேட்கக்கூடிய தொழில்நோயாகவே சட்டத்தில் இருக்கிறது. அதைத் தொழிலாளிக்கு வாயால் சொல்லணும், தாளில் மட்டும் கொடுத்தால் போதாது. காலை, மாலை அளவுகளும் அவர் பெயரில் தேதியோடு தாளில் இருந்தால் பின்னால் அவருக்கே ஆதாரமாகும்.

ஓஇ_மெயின்டனன்ஸ்:

மில்காரர்கள் கதவைத் திறக்கணும் என்றால், அளந்துவிட்டுப் போகாமல் எதைச் சரிசெய்யலாம் என்று ஒரு தாள் கொடுப்பதாகச் சொல்லுங்க. அதற்கு வேண்டிய அளவுகளையும் அதே நாளில் எடுத்துவிடலாம்.

கார்டு, புளோரூம் உறிஞ்சு குழாய்களில் சின்ன ஓட்டை வழியாக வேகம் பாருங்க. பஞ்சுத் தூசிக்கு நிமிடத்துக்கு 3,000 அடிக்குக் குறைந்தால், அதாவது வினாடிக்கு 15 மீட்டர், தூசி குழாயிலேயே படியும். படிந்தால் வழி குறுகும், கார்டிடம் உறிஞ்சல் செத்துப்போகும், தூசி ஆள் பக்கம் திரும்பும். வேகம் குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் மோட்டார் இல்லை: வளைவில் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் திருகில் சிக்கிய பஞ்சு, கழன்ற ஃபிளெக்சிபிள் ஹோஸ், புதிதாக ஒரு கார்டு வாங்கி பழைய லைனிலேயே கோத்தது. கடைசிக் கார்டில் அளங்க, முதல் கார்டில் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

ரோட்டரி ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாச மீட்டர் இருக்கிறதா, ஓடுகிறதா, யாராவது எழுதுகிறார்களா என்று பாருங்க. ஃபில்டர் துணி அடைத்தால் திரும்பி வரும் காற்று குறையும். துணி கிழிந்தால் மீட்டர் நல்ல எண் காட்டும், தூசி முழுக்க ஷெட்டுக்கே திரும்பும். சப்ளை கிரில்லுக்குக் கீழே ஒரு நிலையான பம்ப் மாதிரி எடுத்தால் இது தெரிந்துவிடும், ஷெட்டுக்குள் அனுப்பும் காற்றிலேயே தூசி இருக்கிறதா என்று.

ஏர் ஹோஸ் விஷயத்தில் பேச்சே வேண்டாம். வாக்குவம் வைத்து எடுக்கணும். ஊதித்தான் ஆகவேண்டிய மெஷின் பாகம் என்றால் மற்ற ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, ஊதுகிறவர் ஐஎஸ் 9473 முத்திரையுள்ள எஃப்எஃப்பி2 முகமூடி போட்டு, முடிந்தபின் சென்சார் எண் பழைய நிலைக்கு இறங்கும்வரை யாரும் உள்ளே வராமல் பார்க்கணும். மூக்கைச் சுற்றிக் கட்டும் துண்டு, துணி முகமூடி எல்லாம் பஞ்சைத்தான் தடுக்கும், தூசியைத் தடுக்காது. சீமாறு போட்டுப் பெருக்குவதற்குப் பதிலாகத் தரையை ஈரத் துணியால் ஒற்றலாம் என்று யாராவது சொன்னால், கார்டு பக்கம் வேண்டாம் என்று சொல்லுங்க. ஈரம் பட்ட பஞ்சு சாக்கில் கட்டி வேஸ்ட் ரூமில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும், அடுத்த மிக்ஸிங்கில் அதே சாக்கு திரும்பி வரும்.

நொய்யல்_ஆய்வு:

திட்டத்தை மாற்றிவிட்டேன். இரண்டு மில், ஐந்து குழு, 60 தொராசிக் மாதிரி, ஆறு இலக்கத் தராசு. சென்சார் நேர வடிவத்துக்கு மட்டும். ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமெட்ரி, காலை ஷிப்டில் மட்டும், லீவுக்கு 35 மணி கணக்கோடு. வேலையை விட்டவர்கள் 40 பேர். களப்பணி கார்த்திகைக் கடைசியில் தொடங்கும். பம்ப் மாட்டும் நாளும் ஊதும் நாளும் ஒரே ஆளுக்கு ஒரே நாளாக இருக்கணுமா?

மூச்சளவு:

முடிந்தவரை அப்படியே. அன்றைய தூசிக்கும் அன்றைய இறக்கத்துக்கும் நேரடித் தொடர்பு பார்க்கலாம். ஆனால் காலையில் ஊதி முடித்த பிறகே பம்ப் மாட்டுங்க, மாலையில் பம்பைக் கழற்றிவிட்டு ஊத வையுங்க. பெல்ட் இறுக்கமாக இருந்தால் எஃப்விசி (ஒரே மூச்சில் ஊதித் தள்ளும் மொத்தக் காற்று) குறையும்.

எடைத்தட்டு:

கழற்றும்போது வடிகட்டி இருக்கும் காசெட்டின் மூடியை அந்த இடத்திலேயே மாட்டி, வடிகட்டியின் முகம் மேலே பார்க்கும்படி பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்க. பல்லடத்தில் இருந்து பைக்கில் குலுங்கிப் போனால், கனமாகத் தூசி படிந்த வடிகட்டியில் இருந்து கொஞ்சம் சுவரில் உதிர்ந்துவிடும். அப்படி உதிர்ந்திருந்தால் அந்த மாதிரியைக் குறைந்தபட்ச மதிப்பு என்று குறித்துத் தனியே வையுங்க.